நான் மொழிபெயர்த்த பொய்

சில மாதங்களுக்கு முன் கோல சிலாங்கூரில் தோட்டப்புற இலக்கியம் பற்றி ஒரு சிறிய கூட்டம் நடந்தது. இருபது பேர் இருந்திருப்போம். மூத்தவர் ஒருவர் பால்மரக் காட்டுப் பெண்ணைப் பற்றி உருகிப் பேசினார். விடியுமுன் பெரட்டுக்கு நிற்பவள், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடப்பவள், காண்டாவின் இரு முனையிலும் வாளி தொங்கப் பால் சுமப்பவள், உழைப்பின் தெய்வம் என்றார். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான். கேள்வி நேரத்தில் எழுந்து, "அந்தத் தெய்வத்துக்கு அடி இறங்கின கதைய நம்மள்ல யாராவது எழுதியிருக்கோமா ஐயா?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். தேநீர் நேரத்தில் ஒருவர் வந்து, "ஏம்மா, அது பொம்பளைங்க சமாச்சாரம். டாக்டருகிட்ட பேச வேண்டியத இங்க வந்து பேசலாமா?" என்றார். அக்கறையோடுதான் கேட்டார்.

டாக்டரிடம் பேசியாயிற்று அண்ணே. 2009ஆம் ஆண்டிலேயே பேசியாயிற்று. பேசியது நான்தான். அங்கே நான் என்ன பேசினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கூட்டின் அடியில் தசைகளும் தசைநார்களும் தொட்டில் மாதிரி அமைந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கின்றன. பிரசவத்தில் அந்தத் தொட்டில் நைந்து போகலாம். அதற்குப் பிறகு ஓய்வில்லாமல் பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி என ஒவ்வொன்றும் அதை இன்னும் இழுக்கும். ஒரு நாள் உள்ளே இருப்பது யோனி வழியாகக் கீழே இறங்கி வெளியே தள்ளும். மருத்துவர்கள் இதை இடுப்பு உறுப்பு இறக்கம் என்பார்கள். நம் பெண்கள் 'அடி இறங்குது' என்பார்கள். அதையும் கிணற்றடியில், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

என் பெரியம்மா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே ஐந்து பிள்ளைகள் பெற்றவர். (ஊரின் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பெரியம்மா இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.) பிரசவத்துக்குச் சட்டப்படி 60 நாள் விடுப்பு இருந்தது. மூன்றாவது பிள்ளைக்கு 40 முடிந்ததும் ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு மரம் வெட்டப் போய்விட்டார். வீட்டில் அப்படி நெருக்கடி. அந்த விடுப்பு 98 நாளாக உயர்ந்தது 2023ஆம் ஆண்டு ஜனவரியில்தான். அதற்குள் தோட்டத்தில் நம் பெண்களே அநேகமாக இல்லை.

ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது பெரியம்மா மருந்து அடிக்கும் வேலைக்கு மாறினார். முதுகில் மாட்டும் பம்பை நிரப்பினால் இருபது கிலோவை நெருங்கும். அடி இறங்க ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். பழைய சேலையைக் கிழித்துக் கச்சை மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அப்படிப் பதினான்கு வருடம். பெரியப்பாவுக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும். தோட்டத்து டிரஸ்ஸருக்குத் தெரியாது. அவர் ஆம்பளை. அதோடு, பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு மாமனார்.

இது பெரியம்மாவின் தனிக்கதை அல்ல. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் ரூசெக் என்ற அமைப்பு 1981இலிருந்து இயங்குகிறது. தலித் பெண் தொழிலாளர்களும் டி.கே.சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் 1990களில் அடி இறங்கிய கிராமத்துப் பெண்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் சொன்னதை ஆய்வாகப் பதிவுசெய்தார்கள். நேப்பாளத்தில் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. இது பெண்களின் இனப்பெருக்க உரிமை சம்பந்தப்பட்டது, அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 2008இல் அந்த நீதிமன்றம் சொன்னது. அங்கே ஆறு லட்சம் பெண்களுக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக அப்போது மதிப்பிட்டார்கள். மலையேறிச் சுமை தூக்கும் பெண்ணின் கருப்பையைப் பற்றி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பேசிவிட்டது. காண்டா தூக்கிய பெண்ணைப் பற்றி நம் சிறுகதைகள் இன்னும் வாய் திறக்கவில்லை.

2009க்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு 55 வயது முடிந்து இ.பி.எஃப் பணம் கையில் வந்தது. மகள் ஜொகூரில். மகனிடம் இதைச் சொல்ல முடியாது. நான் அப்போது கல்லூரியில் முதலாண்டு. இங்கிலீஷும் மலாயும் பேசுவேன் என்ற ஒரே தகுதியில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்.

டாக்டர் நல்ல மனிதர். அதை மறைக்க மாட்டேன். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சொந்தத் தசையைத் தைத்துச் சரிசெய்யலாம், ஆனால் மறுபடி இறங்க வாய்ப்புண்டு. இப்போது புதிதாக மெஷ் வந்திருக்கிறது, யோனி வழியாகவே வைத்துவிடலாம், நிரந்தரம் என்றார். கடைசியில், சில சிக்கல்கள் வரலாம், ஆனால் அரிது என்று ஒரு வாக்கியம். எல்லாம் இங்கிலீஷில்.

நான் மொழிபெயர்த்தேன். "ஒரு வலை வச்சு தூக்கிக் கட்டிருவாங்களாம் பெரியம்மா. இனிமே இறங்கவே இறங்காதாம்."

"வலைன்னா? மீன் வலையா?"

"இல்ல பெரியம்மா. கொசுவலை மாதிரி, மெல்லிசா."

அவர் சிரித்துவிட்டார். மிஸ்ஸியும் சிரித்தார். மலாயிலும் இங்கிலீஷிலும் அச்சடித்த பாரத்தில் பெரியம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். பதினோராயிரம் வெள்ளி.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. 'சிக்கல்' என்ற வார்த்தையைக் கேட்டால் பெரியம்மா எழுந்து பஸ் ஏறிவிடுவார், இன்னொரு பதினான்கு வருடம் கச்சை கட்டுவார் என்று பயந்தேன். நல்லது செய்வதாக நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், அந்த டாக்டர். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் நல்ல எண்ணம். முடிவெடுக்க வேண்டியவருக்கு மட்டும் தகவல் இல்லை.

முதல் இரண்டு வருடம் பெரியம்மா எல்லாரிடமும் என்னைப் புகழ்ந்தார். கச்சை இல்லாமல் பத்துமலை ஏறினார். மூன்றாவது வருடம் இரத்தக்கசிவு தொடங்கியது. "உள்ள முள்ளு மாதிரி ஏதோ குத்துது" என்றார். உட்கார முடியவில்லை. பெரியப்பா ஹாலில் படுக்க ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, பிறகு படித்தபோது புரிந்தது. கிளினிக் கிளினிக்காகப் போனோம். ஒருவர் கிருமித்தொற்று என்றார். ஒருவர் வயசு என்றார். ஒருவர், "இவங்களுக்கு வீட்ல ஏதும் கவலை இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். கடைசியாக ஒரு பெண் மருத்துவர்தான் சரியாகப் பரிசோதித்து, வலை யோனிச்சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். 2013இல் நீட்டிய பகுதியை வெட்டினார்கள். 2016இல் மறுபடி. முழுதாக எடுக்க முடியாதா என்று கேட்டோம். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பின்னிக்கொள்ளும், அது அப்படிப் பின்னிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது, இப்போது பிய்த்தால் சிறுநீர்ப்பையோ குடலோ கிழியலாம் என்றார்கள்.

அன்றைக்கு இரவுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஏழு வருடம் தாமதமாக.

பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் நெய்த வலை இது. குடலிறக்கத்துக்கு, அதாவது ஹெர்னியாவுக்கு, வயிற்றுச்சுவரில் வைத்துத் தைக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்ட பொருள். வயிற்றுச்சுவர் வேறு, யோனிச்சுவர் வேறு. யோனி மெல்லியது, நெகிழ்வது, கிருமிகள் இயல்பாகவே வாழும் இடம். அங்கே இதை வைத்தால் என்ன ஆகும் என்று முதலில் சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. அமெரிக்காவில் 510(k) என்ற வழி இருக்கிறது. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருளை ஒத்தது என்று காட்டினால் போதும், புதிதாக நோயாளிகளிடம் சோதித்து நிரூபிக்க வேண்டியதில்லை. அடி இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கும் வலைக்கு 2002இல் இந்த வழியில்தான் அனுமதி கிடைத்தது.

இந்த ஒப்புமை விளையாட்டு எவ்வளவு அபத்தமானது என்பதற்கு ஓர் உதாரணம். சிறுநீர்க் கசிவுக்காக போஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனம் விற்ற புரோட்டெஜென் என்ற பட்டை, பெண்களின் உடலை அரித்ததால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 'அதைப் போன்றது' என்று சொல்லி அனுமதி வாங்கிய பொருள்களும், 'அதைப் போன்றதைப் போன்றது' என்று சொல்லி வந்த பொருள்களும் சந்தையில் நின்றன. பாட்டன் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் பாட்டன் பெயரைச் சொல்லிப் பேரன் பெண் கேட்டு வருகிற மாதிரி. ஜான்சன் அண்ட் ஜான்சனின் எத்திகான் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. புரோலிஃப்ட் என்ற வலைத்தொகுதியைத் தனி அனுமதியே வாங்காமல் 2005இல் விற்க ஆரம்பித்தது. அனுமதி வந்தது 2008இல். 2012இல் விற்பனையை நிறுத்தியது.

என்னைத் தூங்கவிடாத தேதி ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு அக்டோபர். அந்த மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. சிக்கல்கள் அரிது என்றுதான் அதிலும் எழுதியிருந்தார்கள். அதனால் எங்கள் டாக்டர் 'அரிது' என்று சொன்னதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதே எச்சரிக்கை மருத்துவர்களுக்கு வேறு சிலவற்றையும் சொன்னது. வலை நிரந்தரமானது என்று நோயாளியிடம் சொல்லுங்கள். சிக்கல் வந்தால் மறு அறுவை தேவைப்படலாம், அந்த அறுவையாலும் சரியாகாமல் போகலாம் என்று சொல்லுங்கள். உடலுறவில் வலி வரலாம், யோனி சுருங்கலாம் என்று சொல்லுங்கள். தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பை எழுத்தில் கொடுங்கள்.

எங்களுக்கு 'நிரந்தரம்' என்ற ஒரு வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தது. அதுவும் நற்செய்தியாக.

மூன்றே ஆண்டில், 2011 ஜூலையில், அதே நிர்வாகம் தன் வார்த்தையைத் திருத்திக்கொண்டது. சிக்கல்கள் அரிது அல்ல என்றது. வலையில்லாத பழைய அறுவையைவிட இது பலன் தருவதாகத் தெளிவில்லை என்றும் சொன்னது. 2016இல் இந்த வலைகளை அதிக ஆபத்துள்ள மூன்றாம் வகைக்கு மாற்றியது. 2019 ஏப்ரல் 16 அன்று, பாதுகாப்பையும் பலனையும் நிரூபிக்கவில்லை என்று சொல்லி, யோனி வழியாக வைக்கும் இறக்க வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. முதல் அனுமதிக்கும் நிறுத்தத்துக்கும் இடையே 17 ஆண்டுகள். பெரியம்மாவுக்கு வலை வைத்தது அந்த இடைவெளியில்.

மற்ற நாடுகளில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் எலைன் ஹோம்ஸ், ஆலிவ் மெக்கில்ராய் என்ற இரண்டு பெண்கள் முன்னின்று போராடியதில் 2014இல் வலை வைப்பதை நிறுத்திவைக்கும்படி அரசு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. வலையை அகற்றத் தனியாரிடம் செலவழித்த பெண்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர 2022இல் அங்கே சட்டமே போட்டார்கள். ஆஸ்திரேலிய செனட் விசாரணை நடத்தியது. 2018 அக்டோபரில் சுகாதார அமைச்சர் கிரெக் ஹண்ட் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2019 நவம்பரில் நீதிபதி அன்னா காட்ஸ்மன், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். இங்கிலாந்தில் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான குழு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. பெண்கள் வலிக்கிறது என்று சொன்னபோது, அதெல்லாம் பெண்களுக்கு வழக்கமாக வருவதுதான் என்று ஒதுக்கப்பட்டதை அந்த அறிக்கை பதிவுசெய்தது. 'வீட்ல ஏதும் கவலை இருக்கா' என்பது எங்கள் ஊர் கிளினிக்கின் கண்டுபிடிப்பு இல்லை, உலகப் பொதுமொழி என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது எதிர்த்தரப்புக்கு நியாயமாக இருக்க வேண்டும். கோபத்தில் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது.

ஒன்று, எல்லா வலையும் ஒன்றல்ல. வயிறு வழியாகச் சென்று யோனியின் மேற்பகுதியை முதுகெலும்பின் அடியோடு இணைக்கும் வலை அறுவை இன்றும் செய்யப்படுகிறது. தடை அதைப் பற்றியது அல்ல. சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் பட்டையைப் பற்றிய விவாதமும் தனி. ஹெர்னியா வலை வேறு. 'வலை' என்று கேட்டதும் உள்ளே இருப்பதைப் பிய்த்தெறிய ஓட வேண்டாம். தொந்தரவில்லாமல் வாழும் பெண்களும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

இரண்டு, மருத்துவர்கள் வலையைத் தேடிப்போனதற்குக் காரணம் இருந்தது. சொந்தத் தசையில் போட்ட தையல் பலருக்கு மறுபடி தளர்ந்தது. 2016இல் கோக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலை வைத்தவர்களுக்கு இறங்குகிற உணர்வு ஓரளவு குறைவாகவே இருந்தது. ஆனால் சுமார் 12 விழுக்காட்டினருக்கு வலை வெளியே தெரிந்தது, 8 விழுக்காட்டினருக்கு அதற்காகவே மறு அறுவை தேவைப்பட்டது. 2017இல் லான்செட் இதழில் வந்த பிராஸ்பெக்ட் ஆய்வு பிரிட்டனில் 35 மையங்களில், 1,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. முதல் இரண்டு ஆண்டில் வலையால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. பத்தில் ஒருவருக்கு மேல் வலையால் சிக்கல். விற்பனை நின்ற பிறகு மூன்றாண்டுத் தரவுகளைப் பார்த்த அமெரிக்க நிர்வாகமும், பலன் ஏறத்தாழ ஒன்றுதான், வலைக்கு மட்டும் உரிய ஆபத்துகள் கூடுதல் என்றே முடிவுக்கு வந்தது.

என் புகார், மருத்துவர்கள் புதியதை முயன்றார்கள் என்பதல்ல. முயற்சி என்று சொல்லாமல் முயன்றார்கள் என்பதுதான். சோதனைக்கூடத்தில் நடந்திருக்க வேண்டியதைப் பெரியம்மாவின் உடலில் நடத்தி, அதற்குப் பதினோராயிரம் வெள்ளியும் அவரிடமே வாங்கினார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவச் சாதனங்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் சட்டம் 737 இங்கே 2012இல் இயற்றப்பட்டு, 2013இல் நடைமுறைக்கு வந்தது. பெரியம்மாவுக்கு வலை வைத்தபோது அது இல்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. ஃபூ ஃபியோ நா என்ற பெண் தொடுத்த வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. சிகிச்சையின் ஆபத்துகளை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள் முடிவுசெய்துகொள்ள முடியாது; அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவருக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தப் பெண் விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனது 1982இல். தீர்ப்பு வர 24 ஆண்டுகள்.

சொல்லியாக வேண்டும், சரி. எந்த மொழியில்? இந்தக் கேள்விதான் என்னைத் துரத்துகிறது. தமிழ் மட்டுமே முழுதாகப் புரிந்த ஒரு பெண்ணிடம், மலாயிலும் இங்கிலீஷிலும் இருக்கும் பாரத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் வாய்வழியாக வாங்கிய சம்மதம் சம்மதமா? வங்கிக்கடனுக்கு உத்தரவாதம் போட ஆள் கேட்கிறோம். நிலப்பட்டாவுக்கு வழக்கறிஞர் வைக்கிறோம். உடலுக்குள் ஆயுளுக்கும் இருக்கப்போகும் பொருளுக்கு, யார் கூட வந்தார்களோ அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பிள்ளைக்கு யோனி என்ற சொல்லைப் பெரியம்மா முன்னால் உச்சரிக்கவே கூச்சம். நான் அன்று முழுக்க 'அங்க', 'அந்த இடம்', 'கீழ' என்றுதான் மொழிபெயர்த்தேன். உடலுறவில் வலி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். என் வாயில் அந்தத் தமிழ் இல்லை.

இங்கேதான் கோல சிலாங்கூர் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். அந்தத் தமிழை எனக்கு யார் கொடுத்திருக்க வேண்டும்? டாக்டரா? எழுத்தாளர்கள்தானே கொடுத்திருக்க வேண்டும். நம் தோட்டப்புறக் கதைகளில் கங்காணியின் பிரம்பு உண்டு, கிராணியின் கள்ளக்கணக்கு உண்டு, கள்ளுக்கடை உண்டு, தொரையின் பங்களாவுக்கு இழுக்கப்படும் இளம்பெண் உண்டு. ஐந்து பெற்று, ஐம்பது வயதாகி, நடக்கும்போது தொடைக்கிடையில் தன் கருப்பையை உணரும் பெண் எங்கே? இளமையான உடல் மீது நடந்த வன்முறை நமக்குக் கதை. வயதான உடல் மீது வேலை நடத்திய வன்முறை 'பொம்பளைங்க சமாச்சாரம்'. தெய்வம் என்று சொல்லிவிட்டால் வசதி. தெய்வத்துக்கு உடம்பு கிடையாது, பரிசோதிக்க வேண்டியதில்லை.

இந்தப் பாராமுகம் வலையோடு நின்றதில்லை. பெரியம்மா முதுகில் சுமந்து அடித்த மருந்துகளில் பாராகுவாட்டும் ஒன்று. தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்களைப் பற்றித் தெனாகனித்தா அமைப்பு, ஐரீன் பெர்னாண்டஸின் தலைமையில், 2002இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரியில்தான் முழுத்தடை வந்தது. வலை நின்றது 2019. மருந்து நின்றது 2020. இரண்டும் பெரியம்மாவின் உடலைக் கடந்துபோன பிறகுதான் நின்றன.

நம் அமைப்புகளையும் விட மனமில்லை. வடக்கு சிலாங்கூரில் ஈஜோக்கிலிருந்து புக்கிட் தாகார் வரை எத்தனை கோயில் மண்டபங்களில் இலவச மருத்துவ முகாம் பார்த்திருக்கிறேன். சர்க்கரை பார்ப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கண் பார்ப்பார்கள், தலைவர் வந்து படம் எடுத்துக்கொள்வார். ஒரு திரைச்சீலை போட்டு, ஒரு பெண் மருத்துவரை உட்காரவைத்து, 'உங்களுக்கு அடி இறங்குதாம்மா?' என்று கேட்ட முகாமை நான் இன்னும் பார்க்கவில்லை.

"இப்படி எழுதினா பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கே போகப் பயப்படுவாங்க" என்று ஒரு தோழி சொன்னாள். இந்த மறுப்பை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் 2009இல் நான் அந்த வாக்கியத்தை விழுங்கியதற்கும் இதுதான் காரணம். பயப்படுவார் என்று மறைத்தேன். விளைவு என்ன? முதல் அறுவையின் உண்மை தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா எந்த டாக்டரையும் நம்புவதில்லை. கண்புரைக்குக்கூடப் போக மறுத்துவிட்டார். உண்மை சொன்னால் ஒரு நாள் பயம். மறைத்தால் ஆயுளுக்கும் பயம்.

அதனால் உண்மையைச் சொல்கிறேன். அடி இறக்கத்துக்கு வைத்தியம் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல, அதனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. ஆரம்பத்தில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பலன் தரும். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் தொந்தரவு குறைகிறது என்று 2014இல் லான்செட்டில் வந்த ஆய்வு காட்டியது. யோனிக்குள் பொருத்தும் சிலிக்கோன் வளையம் உண்டு. கத்தி இல்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். பெரியம்மா பதினான்கு வருடம் சேலைத்துணியால் செய்ததை அந்த வளையம் உள்ளேயிருந்து செய்திருக்கும். அதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை, அதில் யாருக்கும் பதினோராயிரம் வெள்ளி கிடையாது. சொந்தத் தசையைத் தைக்கும் அறுவை உண்டு. கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் அங்கேயும் நின்று கேள்வி கேளுங்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையை இழந்திருந்தது 2019இல்தான் வெளியே வந்தது. கூலிக்காரப் பெண்ணின் உடல் என்றால் வெட்டுவதற்குக் கை சீக்கிரம் நீளும்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். உங்கள் அம்மாவோ அத்தையோ பாட்டியோ உங்களை ஒருநாள் துணைக்குக் கூப்பிடுவார்கள். மொழிபெயர்க்க. போங்கள். போய், டாக்டர் சொல்லும் கடைசி வாக்கியத்தையும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அறுவை இல்லாமல் வேறு வழி இருக்கிறதா, உள்ளே எதையாவது வைப்பீர்களா, அதன் பெயரும் தொகுதி எண்ணும் என்ன, சிக்கல் வந்தால் எடுக்க முடியுமா, யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். பெரியம்மாவின் கோப்பில் எந்த நிறுவனத்தின் வலை என்றுகூட எங்களுக்குத் தந்த கடிதத்தில் இல்லை. உலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு யார் மீது போடுவது என்றே தெரியாது.

போன தீபாவளிக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது உண்மையைச் சொன்னேன். டாக்டர் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார், நான்தான் உங்களிடம் சொல்லவில்லை என்றேன். அவர் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா மாட்டனான்னு எனக்கே தெரியலடி" என்றார். பிறகு, "ஆனா கேட்டிருக்கலாம்ல நீ" என்றார்.

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று சொன்ன அண்ணனிடமும் இருக்காது.